தாய்மாமன் சீரும் திறக்காத டிக்கியும்

காவேரிப்பட்டணத்தில் வண்டியை ஓரங்கட்டி ஒரு கூடை செந்தூரா வாங்கினேன். எல்லாம் அந்தக் கூடையால் வந்த வினை என்று என் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாம்பழத்துக்கும் டிக்கி பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

போன வருஷம் வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிருஷ்ணகிரியில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, கண்ணாடி வளையல், மாலை, இருபத்தோரு தட்டுக்கான பழம், இனிப்பு, தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் தர்மபுரியிலேயே வாங்கி முந்தின நாள் இரவே டிக்கியில் அடுக்கியாகிவிட்டது. சொந்தக்காரர்கள் ஒரு வேனில் முன்னால் போய்விட்டார்கள். சீர் மொத்தமும் என் காரில். கிருஷ்ணகிரிக்கு மாம்பழம் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் ரோட்டோரம் செக்கச் செவேல் என்று கூடை கூடையாக வைத்திருந்தார்கள், மனசு கேட்கவில்லை.

டிக்கியில் இடமில்லை. கூடையைக் குறுக்கே வைத்து, மூடியை அழுத்திப் பார்த்தேன். மூடவில்லை. கூடையைக் கொஞ்சம் சாய்த்து வைத்து ஓங்கி ஓர் அறை. மூடிக்கொண்டது. "மெதுவா மூடுங்களேன்" என்றாள். ஆறு மாதமாகவே அந்த டிக்கி அறைந்தால்தான் மூடும். ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நானும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். 2011 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. அதில் இதைவிடப் பெரிய தொல்லைகள் எல்லாம் இருந்தன.

ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் மண்டபம். பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேளக்காரர்கள் வாசலில் தயாராக நின்றார்கள். தாய்மாமன் சீரை வாசலில் இருந்து மேளத்தோடு அழைத்துப் போக வேண்டும். அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கிற டிக்கி லீவரை இழுத்தேன்.

லீவர் கையோடு வந்தது. உடைந்து வரவில்லை. எப்போதும் ஓர் இறுக்கம் இருக்குமே, இழுக்க இழுக்கக் கொஞ்சம் எதிர்த்துக் கடைசியில் 'டக்' என்று விடுமே, அந்த எதிர்ப்பே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். மூன்றாம் தடவை பக்கத்தில் இருந்த பெட்ரோல் டேங்க் மூடி லீவரை இழுத்துவிட்டேன். அது மட்டும் சமர்த்தாகத் திறந்துகொண்டது.

சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நம்பர் பிளேட்டுக்கு மேலே சாவித் துவாரம். சாவி பாதி போனது, அதற்கு மேல் போகவில்லை. கதவுக்கெல்லாம் ரிமோட் இருப்பதால் வண்டி வாங்கி ஏழெட்டு வருஷத்தில் அந்தத் துவாரத்தில் நான் ஒரு தடவைகூடச் சாவி போட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மணி பத்தரை. பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் மாமன் கொடுத்த புடவையைக் கட்டி மணையில் உட்கார வேண்டும்.

நம் ஊரில் ஒரு கார் நின்றால் அதைச் சுற்றிப் பத்து மெக்கானிக் முளைத்துவிடுவார்கள். அக்கா வீட்டுக்காரரின் பெரியப்பா ஒருத்தர் டிக்கி மூடியில் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினார், தர்ப்பூசணி பார்க்கிற மாதிரி. ஒருத்தர் சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, நான் தடுப்பதற்குள் சாவித் துவாரத்தில் ஊற்றிவிட்டார். இன்னொரு பையன் ஸ்க்ரூ டிரைவரை மூடி ஓரத்தில் செருகி நெம்பினான். அந்த ஓரம் வளைந்து பெயின்ட் பெயர்ந்ததுதான் மிச்சம், பூட்டு அசையவே இல்லை. அது அசையாது என்று இப்போது தெரியும். நெம்பித் திறக்கக் கூடாது என்பதற்காகவே செய்த பூட்டு அது. கடைசியில் நானும் புத்தி கெட்டுப்போய், எண்ணெய் விட்டபின் முக்கால்வாசி உள்ளே போன சாவியைப் பலம் கொடுத்துத் திருகினேன். சாவி லேசாக முறுக்கிக்கொண்டது. நல்லவேளை, உடையவில்லை. உடைந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் பண்ணுகிற சாவியும் அதுதான், வீட்டுக்கும் போயிருக்க முடியாது.

"ஜாக்கி கம்பி இருந்தா குடு தம்பி, தூக்கிப் பாத்துரலாம்" என்றார் பெரியப்பா. ஜாக்கி, கம்பி, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாமே இருந்தது. டிக்கிக்குள்ளே.

அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆரத்தித் தட்டை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். அதுவே போதும்.

மேளக்காரர்கள் வந்த வேனின் டிரைவர் அதுவரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எழுந்து வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லீவர் இழுத்தா இறுக்கமா இருக்கா, லூசா இருக்கா?"

"லூசா இருக்குண்ணே."

"அப்ப லாக்கு நல்லாத்தான் இருக்கும். ஒயருதான் எங்கயோ கழண்டிருக்கு. வெளிய நின்னு எவ்ளோ குத்துனாலும் திறக்காது. பின் சீட்டக் கழட்டு."

பின் சீட்டைக் கழற்ற முடியும் என்பதே எனக்குச் செய்தி. அவர் கதவைத் திறந்து, உட்காரும் சீட்டின் முன் ஓரத்துக்குக் கீழே கையை விட்டுத் தடவினார். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று, இரண்டு இடத்தில் கிளிப். கிளிப் இருக்கிற இடத்தைப் பிடித்து நேர் மேலே 'வெடுக்'கென்று ஓர் இழுப்பு. சீட்டு எழும்பி வந்தது. அடியில் ஒரு பேனா, மூன்று ரூபாய்ச் சில்லறை, என் மகள் ஒரு வருஷமாகத் தேடிய ஒற்றைக் கம்மல். சாய்மானத்துக்கு அடிவரிசையில் போல்ட். பன்னிரண்டு நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றார். எதிரே டூவீலர் பட்டறையில் வாங்கிவந்தோம். போல்ட்டைக் கழற்றிச் சாய்மானத்தை அப்படியே மேலே தூக்கினால், மேலே கொக்கியில் மாட்டியிருப்பது கழன்று வந்துவிடுகிறது. மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மடிக்கிற சீட்டு உள்ள வண்டியாக இருந்தால் இந்த வேலையே இல்லை, மடித்துவிட்டு உள்ளே போய்விடலாம். என் வண்டியில் மடியாது.

சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு அட்டை. அதைக் கிழித்தால் தகரச் சட்டம், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியாகப் பட்டுப்புடவைப் பை கையில் தட்டுப்பட்டது. உருவி எடுத்தேன். அடுத்து கொலுசுப் பெட்டி. அடுத்து மாலை, கொஞ்சம் நசுங்கியிருந்தது. அக்காவுக்கு உயிர் வந்தது. "இது போதும்டா, நீ வா. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். இரண்டு தட்டோடு மேளம் முழங்க உள்ளே போய்ப் புடவையைக் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்ப ஓடி வந்தேன். பாக்கிப் பத்தொன்பது தட்டு இல்லாமல் மணையில் உட்கார வைத்தால் பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஓட்டை வழியாக ஆள் போக முடியாது, பையன் போகலாம். அக்கா மகன், பத்து வயது, அதுவரை சும்மா குதித்துக்கொண்டிருந்தவன், "நான் போறேன் மாமா" என்று செல்போன் டார்ச்சை வாங்கிக்கொண்டு லட்டுப் பெட்டிமேல் தவழ்ந்து உள்ளே போய்விட்டான். காற்று வர வழி இருந்தது, கால் எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் விட்டேன். அக்கா உள்ளே இருந்தாள், அதனாலும் விட்டேன்.

வேன்காரர் வெளியிலிருந்தபடியே வழி சொன்னார். "மேல மூடி பின்னாடி ஓரத்துல நடுவுல பாரு, இரும்புல ஒரு பொட்டி மாதிரி இருக்கும். அதுல கொக்கி ஒண்ணு கம்பியக் கவ்விட்டு இருக்கும். தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு காது மாதிரி நீட்டிட்டு இருக்கும். அதைத் தள்ளு."

"அசையல மாமா. கூடை மேல முட்டிட்டு இருக்கு."

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. உள்ளே அடைத்த சாமான் மூடியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல் முழுக்கக் கொக்கியின்மேல் விழுகிறது. இறுக்கிக் கவ்விய கொக்கியைச் சின்னப் பையனின் விரல் பலத்தால் விடுவிக்க முடியாது. வேன்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு மூடியைக் கீழே அமுக்கச் சொன்னார். "இப்ப தள்ளுடா கண்ணு."

டக்.

அந்தச் சத்தத்துக்கு மேளக்காரர் ஒருத்தர் தவிலில் ஒரு அடி கொடுத்தார். மணி பதினொன்று நாற்பது. பையன் முழங்காலில் பூந்தி ஒட்டியிருக்க வெளியே வந்தான். லட்டு ஒரு பெட்டி சப்பையாகிப்போனது. இருபத்தோரு தட்டும் உள்ளே போனது. பூட்டு ரிப்பேர்காரரை வரச்சொல்லிப் பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்பியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்று அவன் திரும்பி வந்தபோது பந்தி தொடங்கிவிட்டது.

வேன்காரருக்கு முதல் பந்தியில் என் பக்கத்திலேயே இலை போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னதையும், பிறகு நானே கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டிக்கி திறக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடாதீர்கள். முதலில் கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். லீவர் லூசாக வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது எங்கோ கழன்றிருக்கிறது. லீவர் வழக்கம்போல இறுக்கமாக இருந்து, ஆனால் திறக்கவில்லை என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது, கொக்கிதான் சிக்கியிருக்கிறது. அப்போது ஒருத்தர் மூடியை அமுக்க, ஒருத்தர் லீவரை இழுத்துப் பிடிக்க, பல நேரம் அதிலேயே திறந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம். சாவி முழுக்கப் போய்த் திரும்புகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சாவியையும் கொக்கியையும் இணைக்கிற கம்பி உள்ளே கழன்றிருக்கும். சாவியே போகவில்லை என்றால் தூசி. சில வண்டிகளில் அந்த லீவரையே சாவி போட்டுப் பூட்டிவைக்கிற வசதி உண்டு. சர்வீஸுக்கு விட்டபோது யாராவது பூட்டிவிட்டு மறந்திருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

புது வண்டிகள் பலவற்றில் லீவரே கிடையாது. நம்பர் பிளேட்டுக்கு மேலே ரப்பர் மூடிய ஸ்விட்ச். என் மச்சினன் வண்டி அப்படித்தான். அங்கே கைக்குப் பதில் காது. ஸ்விட்சை அமுக்கும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் வருகிறதா? வந்தால் மின்சாரம் வருகிறது, கொக்கிதான் சிக்கல், மூடியை அமுக்கிக்கொண்டு ஸ்விட்சைத் தட்டலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மச்சினன் வண்டியில் அந்த ரப்பர் வெயிலில் உப்பிப் பிசுபிசுத்து வெடித்து, வெடித்த வழியாகத் தண்ணீர் இறங்கி ஸ்விட்ச் போய்விட்டது. ஒயர் என்றால் மூடி கீலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த இடத்தில்தான் ஒயர் மடங்கி மடங்கி அறுகிறது. பேட்டரி இறங்கிவிட்டாலும் இந்த வகை டிக்கி திறக்காது. ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதற்கான துவாரம் எங்கே என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும். டிக்கிக்குப் பதில் மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு உள்ள சின்ன வண்டிகள் பலவற்றில் கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கில் ஒரு சிறு மூடி உண்டு. அதைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் பூட்டின் காதை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினால் திறக்கும். இதையெல்லாம் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவைக்க வேண்டும். மண்டப வாசலில் நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியாது. அதுவும் புத்தகம் டிக்கியில் இருந்தால்!

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து தயாராகும் கார்களில் டிக்கிக்கு உள்ளிருந்தே திறக்கும் வசதி சட்டப்படி இருந்தாக வேண்டும். இருட்டில் ஒளிரும் கைப்பிடி ஒன்று தொங்கும். விளையாட்டாக டிக்கிக்குள் ஏறி மாட்டிக்கொண்டு குழந்தைகள் வெப்பத்தில் செத்துப்போன பிறகு வந்த சட்டம். என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. அக்கா மகன் உள்ளே போன சங்கதி மதியம் அக்காவுக்குத் தெரிந்தபோது நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நியாயமானதுதான்.

அடுத்த ஞாயிறு வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தேன். துணைக்கு எதிர்வீட்டுத் தம்பி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன், என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்கும் படித்தவன். அதனால் ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் "இதை இப்படி வைக்கட்டுமா சார்?" என்று அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு நாளிதழை விரித்து, கழற்றுகிற எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் வைத்தான். கணக்கு வராவிட்டாலும் அது வந்திருந்தது.

பூட்டு மூடியின் உள்பக்கம் பத்து நம்பர் போல்ட் மூன்றில் நிற்கிறது. கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு இரும்பு நாக்கு. மூடி இறங்கும்போது கீழே உடம்பில் பதித்திருக்கிற வளைந்த கம்பி இந்தக் கொடுக்கில் மோதி அதைத் திருப்புகிறது, கொடுக்கு கம்பியைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. அது திரும்பி வராமல் பக்கத்தில் ஒரு சின்னப் பல் வந்து முட்டுக்கொடுக்கிறது. நாம் லீவரை இழுப்பது அந்தப் பல்லை விலக்கத்தான். கொடுக்கும் பல்லும் உரசுகிற இடம் முழுக்கக் கருப்பாக அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தால் மருதாணி அரைத்த மாதிரி, ஆனால் நறநறவென்று. எந்தக் காலத்திலோ போட்ட கிரீஸ், அதில் வருஷக்கணக்கில் ஒட்டிய தூசி. ஆறு மாதமாக அறைந்தால்தான் மூடியதற்குக் காரணம் இதுதான். கொடுக்கு தானாகத் திரும்ப முடியாமல் திணறியிருக்கிறது, நான் ஒவ்வொரு நாளும் அறைந்து அறைந்து திருப்பியிருக்கிறேன்.

கொஞ்சம் பெட்ரோலும் பழைய டூத் பிரஷும் போதும். தேய்த்துக் கழுவி, உலர்த்தி, வெள்ளை லித்தியம் கிரீஸ் பட்டாணி அளவு. நிறைய வைத்தால் மறுபடி தூசியைப் பிடித்து வைக்கும் என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

சாவித் துவாரம்தான் பெரிய வேலை. கார் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று, ரோட்டுத் தூசியை வாரி டிக்கி மூடியின்மேலேயே அறைகிறது. கிரானைட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டிப் பழகியவர்களின் பின்கண்ணாடியில் பேரெழுதலாம். கதவுச் சாவித் துவாரத்தைவிட டிக்கித் துவாரம் சீக்கிரம் அடைவது இதனால்தான். போதாக்குறைக்கு மண்டபத்தில் ஊற்றிய தேங்காய் எண்ணெய், தூசியோடு சேர்ந்து உள்ளே களிம்பாக உட்கார்ந்திருந்தது. துவாரத்துக்குள் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போல ஒரு ஸ்பிரிங். தகடு மேலும் கீழும் ஆடினால்தான் சாவி போகும். எண்ணெயோ கிரீஸோ அங்கே ஆகவே ஆகாது. டபிள்யூ.டி.-40 என்கிற, அழுக்கைக் கரைக்கும் ஸ்பிரேயை அடித்து, சாவியை விட்டு விட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் சாவியில் ஒட்டி வந்த கறுப்பைத் துணியில் துடைத்தோம். இருபது தடவைக்கு மேல். அதற்கப்புறம்தான் சாவி கடைசி வரை போனது. காயவிட்டு, கிராஃபைட் தூள் ஊதினோம். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சீவிப் பொடித்துச் சாவியில் தடவி விட்டு எடுத்தாலும் நடக்கும். கணக்கு வாத்தியார் வீட்டில் பென்சிலுக்கா பஞ்சம்? முறுக்கிக்கொண்ட பழைய சாவியைக் கொண்டு இதைச் செய்யவில்லை. பீரோவில் கிடந்த இரண்டாம் சாவியை எடுத்தோம். முறுக்கியதை வைத்து நகல் எடுத்தாலும் நகல் சரியாக வராது.

கேபிளைப் பார்த்தபோது வேன்காரர் சொன்னது அப்படியே சரி. அறுந்திருக்கவில்லை. கேபிளின் மேலுறை பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கிளிப் உடைந்து, உறை வெளியே வந்துவிட்டது. உறை நிலையாக இருந்தால்தான் உள்கம்பி நகரும். இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பெல்லாம் உறையோடு போய்விடும். மூடியின் உள்பக்கத்தை மூடுகிற அட்டை நான் வாங்கும்போதே இல்லை. அது இருந்திருந்தால் கேபிளை எதுவும் தொட்டிருக்காது.

கிளிப் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, கேபிளோடு சேர்த்துத்தான் தந்தார்கள். அதில் ஒரு சூட்சுமம். கேபிள் டிரைவர் சீட்டிலிருந்து கதவோரமாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் போய், பின் சீட்டைத் தாண்டி, கீல் வழியாக மூடிக்கு ஏறுகிறது. பழையதை அப்படியே உருவிவிட்டால் புதியதை அந்தப் பாதையில் நுழைக்க நாள் முழுக்க ஆகும். தம்பி பழைய கேபிளின் வாலில் கெட்டியான நூலைக் கட்டி, மறுமுனையை இழுத்தான். கேபிள் வெளியே வர, அதன் இடத்தில் நூல் போய்ப் படுத்தது. பிறகு நூலில் புதிய கேபிளைக் கட்டி இந்தப் பக்கம் இழுத்தான். பாவாடைக்கு நாடா கோர்க்கிற வேலை.

எல்லாம் மாட்டி முடித்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூடியை மெதுவாக இறக்கினேன். அறையாமலேயே, பூப்போல மூடிக்கொண்டது. "பாத்தியா?" என்றேன்.

தம்பி முகம் மாறியது. "சார், டெஸ்ட் பண்ணாம மூடிட்டீங்களே."

லீவரை இழுத்தேன். லூசு. மறுபடி அதே லூசு. பூட்டை போல்ட் போட்டு முடுக்கும்போது கேபிளின் முனைக் குமிழ் பூட்டின் காதிலிருந்து நழுவியிருக்கிறது, நாங்கள் பார்க்கவில்லை. பின் சீட்டு இன்னும் வாசல் திண்ணையில்தான் கிடந்தது, அதனால் உயிர் போகவில்லை. ஆனால் சீட்டு வழி தேவைப்படவில்லை. தம்பி இரண்டாம் சாவியை வாங்கித் துவாரத்தில் போட்டுத் திருப்பினான். திறந்துகொண்டது. அரை மணி நேரத்துக்கு முன்னால் பென்சில் பொடி போட்ட துவாரம்.

மூடியைத் திறந்து வைத்தபடியே சோதிக்க வழி இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் தண்டைக் கொடுக்குக்குள் வைத்து, கீழிருந்து கம்பி முட்டுகிற மாதிரி தள்ள வேண்டும். கொடுக்கு திரும்பி 'கடக்' என்று பூட்டிக்கொள்ளும். இப்போது உள்ளே போய் லீவரை இழுத்தால் கொடுக்கு விட வேண்டும். விட்டதா? மறுபடி பூட்டிச் சாவியால் பார்க்க வேண்டும். லீவரில் ஐந்து முறை, சாவியில் ஐந்து முறை விட்ட பிறகுதான் மூடியை இறக்க வேண்டும். அதுவரை பின் சீட்டு வெளியேயே கிடக்கட்டும். இதைத் தம்பி சொல்லச் சொல்ல நான் நல்ல மாணவனாகத் தலையாட்டினேன். மூடியின் இரண்டு ஓரத்திலும் உள்ள ரப்பர் குமிழ்களைத் திருகினால் உயரம் கூடும், குறையும் என்பதையும் அன்றைக்குத்தான் காட்டினான். குமிழ் அதிகம் உயர்ந்திருந்தாலும் மூடியை அறைய வேண்டி வரும். என் வண்டியில் இரண்டும் சரியாகவே இருந்தன.

கேபிள் 380 ரூபாய், கிரீஸ் டப்பா, கிராஃபைட் தூள் எல்லாம் சேர்த்து அறுநூறுக்குள். தம்பி கூலி வாங்க மறுத்து, மனைவி வைத்த நீர்மோரை இரண்டு டம்ளர் குடித்தான். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிய ஓரத்தைச் சரிசெய்ய டிங்கரிங்கில் கேட்டேன். அவர்கள் சொன்ன தொகை இதைப்போல ஆறு மடங்கு. அது அப்படியே இருக்கிறது. ஜாக்கியும் ஒரு செட் ஸ்பேனரும் இப்போது டிரைவர் சீட்டுக்கு அடியில். மாதம் பிறந்ததும் ஒரு தடவை டிக்கியைச் சாவியால்தான் திறக்கிறேன்.

எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது மனைவி வந்து நாளிதழில் கிடந்த பழைய கேபிளைப் பார்த்தாள். உடைந்த கிளிப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அதன் பிளவுக்குள் ஏதோ மாட்டியிருந்தது. நகத்தால் நெண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு அங்குல நீளத்துக்கு மூங்கில் சிலாம்பு. கூடையின் விளிம்பு.

"கையக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.